பெட்ரூம் ஃபேனை நிறுத்தினால் ஹால் லைட் எரிகிறது

மாடிவீட்டுக்காரன் | சனி, இரவு 9:42

வணக்கம். திருச்சியில் அப்பா 1998இல் கட்டிய வீடு. கீழே அப்பா அம்மா, மாடியில் நாங்கள். போன வருடம் மாடியைப் புதுப்பித்தோம். பிளக் பாயின்ட்களுக்கு மட்டும் புது வயர், மாடிக்கென்று தனி ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் பிரேக்கர்). லைட், ஃபேன் எல்லாம் பழைய வயரில்தான், கீழே இருக்கும் இன்வெர்ட்டரிலிருந்து வருகிறது.

லைட்டை ஃபோன் ஆப்பில் எரிக்க, அணைக்க சுவிட்ச் பெட்டிக்குள் வைக்கும் வைஃபை ரிலே மாட்யூல் ஒவ்வொன்றாக வாங்கி நானே மாட்டி வருகிறேன். இப்போது நான்கு இருக்கின்றன. நான்காவதைப் போன வாரம் போட்டேன். தொல்லைகள் மூன்று.

பெட்ரூம் ஃபேனுக்கு மாட்யூல் கிடையாது, சாதாரண சுவிட்சும் ரெகுலேட்டரும்தான். அதை ஆஃப் செய்தால் சில சமயம் ஹால் டியூப்லைட் தானாக எரிகிறது. எரிந்துகொண்டிருந்தால் அணைகிறது. ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை.

மாடிப்படியில் போட்ட டச் சுவிட்சை அணைத்த பிறகும் எல்இடி பல்பு மின்மினி மாதிரி மங்கலாக எரிகிறது.

சாயங்காலம் ஆனால் மாடி ஆர்சிசிபி விழுகிறது. எல்லா நாளும் இல்லை.

அம்மா வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டுப் பார்த்துவிட்டார். அடுத்து என்ன செய்யலாம்?

அலைவரிசை | சனி, இரவு 10:05

இது வைஃபை நெரிசல்தான். ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனலை ஆட்டோவில் விட்டிருப்பீர்கள். 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்றை நிலையாக வையுங்கள், ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. ரவுட்டர் பக்கத்தில் மைக்ரோவேவ் அடுப்பு இருந்தால் நகர்த்துங்கள், அதுவும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் ஓடுகிறது.

பழைய வயர்மேன் | சனி, இரவு 11:20

சேனலை மாற்றுவதில் தப்பில்லை, ஆனால் இந்த நோய்க்கு அது மருந்து இல்லை தம்பி. காற்றில் இரைச்சல் இருந்தால் கட்டளை தாமதமாகும், போய்ச் சேராது, ஆப்பில் ஆஃப்லைன் என்று காட்டும். "லைட்டை எரி" என்று ஒரு கட்டளையை இரைச்சல் தானாகத் தயாரிக்காது. வைஃபையில் போவது பூட்டுப் போட்ட கடிதம். கிழிந்து போகலாம், புதிதாக ஒன்று எழுதப்படாது.

தானாக எரிகிறது என்றால் நான் முதலில் வயரைத்தான் பார்ப்பேன். இரண்டு கேள்வி. ஹால் டியூப்லைட்டுக்கு வேறு இடத்திலும் சுவிட்ச் இருக்கிறதா? பெட்ரூம் ஃபேன் ரெகுலேட்டர் கட்டை மாதிரி படிப்படியாகத் திரும்புகிறதா, ரேடியோ வால்யூம் மாதிரி வழுவழுவென்று சுற்றுகிறதா?

வேளச்சேரி 3சி | ஞாயிறு, காலை 7:15

காற்றில் வராது என்று அடித்துச் சொல்லாதீர்கள் அண்ணா. எங்கள் ஃபிளாட்டில் வந்தது. ஹாலில் ரிமோட் சுவிட்ச் போட்டிருந்தோம். தினமும் ராத்திரி பத்தரைக்கு எங்கள் பால்கனி விளக்கு தானாக அணையும். மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது, இரண்டாவது மாடியிலும் அதே ரிமோட் வாங்கியிருக்கிறார்கள். அவர்கள் தூங்கப் போகும்போது எங்கள் வீடும் இருட்டாகும்!

பழைய வயர்மேன் | ஞாயிறு, காலை 8:02

வாங்கிக் கட்டிக்கொண்டேன் அம்மா, நீங்கள் சொல்வது சரி. அது வைஃபை இல்லை, 433 மெகாஹெர்ட்ஸ் ரிமோட். மலிவானவற்றில் எப்போதும் ஒரே கோடுதான் (குறியீட்டு எண்) போகும், பூட்டெல்லாம் கிடையாது. அந்தக் கோடு ஒத்துப்போனால் யார் வீட்டு ரிமோட்டுக்கும் கேட்கும். ரிசீவரில் பழைய கோடை அழித்துவிட்டு வேறு ரிமோட்டைப் பழக்கினால் தீர்ந்துவிடும். தம்பி வைத்திருப்பது வைஃபை மட்டும் என்பதால்தான் அப்படிச் சொன்னேன்.

மாடிவீட்டுக்காரன் | ஞாயிறு, காலை 10:30

சேனலை 6இல் நிலையாக வைத்துப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் இரண்டு தடவை எரிந்தது. அலைவரிசை மன்னிக்கவும்.

ஹால் டியூப்லைட் டூ வே. ஹால் போர்டில் ஒரு சுவிட்ச், பெட்ரூம் கதவோரம் ஒன்று. மாட்யூல் ஹால் போர்டுக்குள் இருக்கிறது. மாட்யூலில் சுவிட்சுக்கென்று இருக்கும் எஸ்1, எஸ்2 என்ற இரண்டு முனைகளில் பழைய டூ வே வயர்களை அப்படியே கொடுத்துவிட்டேன், எந்தப் பக்கம் தட்டினாலும் வேலை செய்கிறது. ரெகுலேட்டர் வழுவழு ரகம்.

சந்தேகப்பிராணி | ஞாயிறு, காலை 11:10

வயர் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் ஒன்றைக் கழித்துவிடலாம். ஃபேன் நிற்கும்போது மாட்யூல் ஒரு நொடி செத்துப் பிழைத்திருந்தால்? பல மாட்யூல்களில் மின்சாரம் திரும்பி வந்தால் விளக்கு எரிய வேண்டுமா, அணைந்திருக்க வேண்டுமா என்று ஓர் அமைப்பு உண்டு. அது "எரி" என்று இருந்தால், ரீசெட் ஆகும் ஒவ்வொரு முறையும் லைட் எரியும். ஆப்பில் அந்த மாட்யூலின் பக்கத்தைத் திறந்தால் எத்தனை நேரமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று காட்டும், பாருங்கள்.

மாடிவீட்டுக்காரன் | ஞாயிறு, காலை 11:25

1 நாள் 16 மணி நேரம். அப்படியென்றால் இன்று காலை லைட் தானாக எரிந்தபோது ரீசெட் ஆகவில்லை. எரிந்திருந்தால் அணையவும் செய்கிறது என்பதும் உங்கள் கணக்குக்கு ஒத்து வரவில்லை.

சந்தேகப்பிராணி | ஞாயிறு, காலை 11:31

சரி, என் கட்சி தோற்றது.

பழைய வயர்மேன் | ஞாயிறு, மதியம் 3:48

சாப்பிட்டுத் தூங்கி எழுந்து எழுதுகிறேன். தம்பி, டூ வே வயரை நீங்கள் ஆன்டெனா ஆக்கிவிட்டீர்கள்.

பழைய முறையில் அந்த இரண்டு வயரிலும் விளக்கின் கரண்ட் ஓடியது. பக்கத்து வயரிலிருந்து கொஞ்சம் தூண்டல் வந்தாலும் விளக்கு அதைச் சட்டை செய்யாது. இப்போது அதே வயரில் ஓடுவது மாட்யூல் உள்ளே பார்க்கும் சின்ன சிக்னல். எஸ்1, எஸ்2 நேராக உள்ளிருக்கும் சிப்புக்குப் போகிறது. பல மாட்யூல்களில் அது 3.3 வோல்ட் மட்டம். சுவிட்ச் ஆஃப் நிலையில் டூ வேயின் இரண்டு வயரும் ஒரு முனையில் மட்டும் தொட்டுக்கொண்டு மறுமுனை அந்தரத்தில் தொங்கும். ஹாலிலிருந்து பெட்ரூம் கதவு வரை எட்டு மீட்டராவது இருக்குமா? அதே பைப்பில் பெட்ரூம் ஃபேன் வயரும் போகிறது என்று என்னால் பந்தயம் கட்ட முடியும். அந்தக் காலத்தில் ஒரு முக்கால் இஞ்ச் பைப்பில் அத்தனையையும் திணித்துவிடுவோம். நானே திணித்திருக்கிறேன்.

ஃபேன் என்பது காயில். ஓடும்போது சுவிட்சை வெட்டினால் அதில் தேங்கிய சக்தி சில நூறு வோல்ட் துள்ளலாகத் துள்ளும். கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. ஆனால் பக்கத்தில் படுத்திருக்கும் வயரில் அதன் நிழல் விழும். மாட்யூல் அதை "யாரோ சுவிட்சைத் தட்டினார்கள்" என்று எடுத்துக்கொள்ளும். எந்தப் பக்கம் தட்டினாலும் மாற்று என்று அமைத்திருப்பதால், எரிவது அணையும், அணைந்தது எரியும்.

சோதனை சுலபம். மெயினை அணைத்துவிட்டு எஸ்1, எஸ்2 வயர்களைக் கழற்றி டேப் சுற்றி விடுங்கள். இரண்டு நாள் ஆப்பில் மட்டும் ஓட்டுங்கள். ஃபேனை எத்தனை தடவை நிறுத்தினாலும் ஹால் லைட் சும்மா இருந்தால் குற்றவாளி அந்த வயர்தான். எஸ் முனை என்றால் வெறும் சிக்னல்தானே என்று கையை வைக்காதீர்கள். பெரும்பாலான மாட்யூலில் அந்த முனைகளும் 230 வோல்ட் லைனோடு ஒட்டித்தான் இருக்கின்றன. இன்வெர்ட்டரையும் மறக்காமல் அணையுங்கள், மெயினை இறக்கினாலும் அது கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

கோவை மோட்டார் | ஞாயிறு, இரவு 8:20

ரெகுலேட்டர் விஷயத்தை அண்ணன் விட்டுவிட்டார், நான் சொல்கிறேன். வழுவழு ரகம் என்றால் உள்ளே ட்ரையாக் என்ற எலக்ட்ரானிக் சுவிட்ச் இருக்கிறது. அது 50 ஹெர்ட்ஸ் அலையின் ஒவ்வொரு பாதியையும் நறுக்கி நறுக்கி விடும், நொடிக்கு 100 வெட்டு. ஃபேன் மெதுவாக ஓடும்போது "ம்ம்ம்" என்று ஒரு முனகல் கேட்குமே, அது இந்த வெட்டினால்தான். பழைய ஏஎம் ரேடியோவைப் பக்கத்தில் வைத்தால் கரகரப்பு இன்னும் நன்றாகத் தெரியும். அந்தக் கூர்மையான வெட்டுகள் பக்கத்து வயரில் ஏறும். படி வைத்துத் திரும்பும் ரகத்தில் உள்ளே கெப்பாசிட்டர்கள்தான், அவை அலையை வெட்டுவதில்லை. முழு வேகத்தில் 20 தடவையும் இரண்டாம் வேகத்தில் 20 தடவையும் ஆஃப் செய்து எண்ணிப் பாருங்கள்.

மாடிவீட்டுக்காரன் | ஞாயிறு, இரவு 9:50

எண்ணினேன். முழு வேகத்தில் 20க்கு 1. இரண்டாம் வேகத்தில் 20க்கு 6. ரெகுலேட்டரைச் சுற்றும்போதே ஒரு தடவை லைட் மாறியது! மகன் இதை விளையாட்டாக்கிவிட்டான், ஒவ்வொரு தடவையும் கைதட்டுகிறான். எஸ் வயரை இப்போது கழற்றிவிட்டேன்.

இன்னொன்று. கழற்றிய வயரில் டெஸ்டர் வைத்தால் எரிகிறது, டிஜிட்டல் மீட்டரில் 70 வோல்ட் காட்டுகிறது. எதிலும் சேராத வயரில் 70 வோல்ட் எப்படி? எங்கேயாவது கசிகிறதா?

பழைய வயர்மேன் | ஞாயிறு, இரவு 10:15

கசிவாக இருக்காது. உயிருள்ள வயருக்குப் பக்கத்தில் எட்டு மீட்டர் படுத்தால் எந்த வயரும் அப்படித்தான் காட்டும். டிஜிட்டல் மீட்டர் உள்ளே 10 மெகா ஓம் தடை, அது கரண்ட் எதையும் இழுக்காது, அதனால் பேய் வோல்டேஜையும் பெரிதாகக் காட்டும். டெஸ்டரும் அதே கதை. ஹோல்டரில் ஒரு குண்டு பல்பை மாட்டி, அந்த வயருக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு மீட்டரைப் பாருங்கள். பூஜ்யத்துக்கு இறங்கினால் தூண்டல். பல்பு எரிந்தால் மட்டும் பயப்படுங்கள்.

வீட்டில் ஒரு 60 வாட் குண்டு பல்பை எப்போதும் பத்திரமாக வைத்திருங்கள். எல்இடி வந்த பிறகு அதைத் தூக்கிப் போட்டவர்கள்தான் இப்போது என்னிடம் கடன் கேட்கிறார்கள்.

மாடிவீட்டுக்காரன் | செவ்வாய், இரவு 9:05

குண்டு பல்பு பக்கத்துத் தெருக் கடையில் தூசியோடு கிடைத்தது. மாட்டியதும் 70 வோல்ட் மாயம். எஸ் வயர் கழற்றி இரண்டு நாள் ஆயிற்று, ஃபேனை நாற்பது தடவைக்கு மேல் நிறுத்தியாயிற்று, ஹால் லைட் அசையவே இல்லை. மகனுக்குத்தான் ஏமாற்றம்.

இனி அந்த வயரை என்ன செய்வது? கதவோர சுவிட்ச் இல்லாமல் மனைவி ஒத்துக்கொள்ள மாட்டார்.

கோவை மோட்டார் | செவ்வாய், இரவு 9:40

முதலில் துள்ளலை அதன் இடத்திலேயே அடக்குங்கள். 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் 100 ஓம் ரெசிஸ்டரும் தொடராகச் சேர்ந்த ஸ்னப்பர் எலக்ட்ரானிக்ஸ் கடையில் தயாராகவே கிடைக்கும். அதை ஃபேனின் இரண்டு வயருக்கும் குறுக்கே போட வேண்டும். சுவிட்சுக்குக் குறுக்கே போடாதீர்கள். அங்கே போட்டால் சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் 7 மில்லியாம்ப் அதன் வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். ஃபேனில் ஒன்றும் தெரியாது, ஆனால் எல்இடி விளக்கில் இப்படிப் போட்டவர்கள் ராத்திரி முழுக்க மங்கலாக எரியும் பல்பைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள்.

ரெகுலேட்டரையும் படி ரகத்துக்கு மாற்றுங்கள். ஒருவேளை உள்ளே எலக்ட்ரானிக் போர்டு வைத்த பிஎல்டிசி ஃபேனுக்கு மாறுவதாக இருந்தால் ரெகுலேட்டரே வேண்டாம், எடுத்துவிட்டு நேராகக் கொடுக்க வேண்டும். ரெகுலேட்டர் வழியாகப் பிஎல்டிசி ஓட்டி போர்டு எரிந்து வருபவை என் பட்டறைக்கு வாரம் ஒன்றாவது உண்டு.

வேளச்சேரி 3சி | செவ்வாய், இரவு 9:58

பிஎல்டிசி என்றதும் ஞாபகம் வந்தது. ஒரே ஹாலில் இரண்டு ஃபேன், இரண்டுக்கும் ஒரே மாதிரி ரிமோட். ஒன்றை அழுத்தினால் இரண்டும் வேகம் கூடுகிறது. இதற்கும் ஸ்னப்பரா?

சந்தேகப்பிராணி | செவ்வாய், இரவு 10:10

இல்லை, இது டிவி ரிமோட் மாதிரி அகச்சிவப்பு. இரண்டு ஃபேனுக்கும் ஒரே கோடு. சில மாடல்களில் ரிமோட்டைப் பழக்கிக்கொள்ளும் வசதி உண்டு: ஒரு ஃபேனை மட்டும் சுவிட்சில் ஆன் செய்து, கையேட்டில் சொன்ன பட்டனைச் சில நொடி அழுத்த வேண்டும். அந்த வசதி இல்லை என்றால் ரிமோட்டை ஃபேனுக்கு நேராக நீட்டி, நுனியில் ஒரு காகிதக் குழாய் சுற்றிப் பயன்படுத்துங்கள். அசிங்கமாக இருக்கும், வேலை நடக்கும்.

பழைய வயர்மேன் | புதன், காலை 6:30

கோவைக்காரர் சொன்னதைச் செய்யுங்கள். ஆனால் அதோடு நிற்காதீர்கள். துள்ளலைக் குறைக்கலாம், எட்டு மீட்டர் ஆன்டெனா அங்கேயேதான் இருக்கும். நாளைக்குக் கீழே மிக்ஸி போட்டாலும் ஏதாவது ஏறும். என் பேச்சைக் கேட்டால், எஸ்1, எஸ்2 இரண்டையும் ஹால் போர்டில் இருக்கும் சுவிட்சோடு மட்டும் நிறுத்துங்கள், ஒரு சாண் வயர். கதவோரத்துக்கு பேட்டரி பட்டன் ஒன்று ஒட்டிவிடுங்கள். பழைய டூ வே வயரை இரண்டு முனையிலும் கழற்றி மூடிவிடுங்கள்.

மாடிப்படி பல்பு வேறு சங்கதி. அந்த டச் சுவிட்ச் நியூட்ரல் வேண்டாத ரகம்தானே? அது உயிர்வாழ வேண்டுமென்றால் பல்பு வழியாகவே கொஞ்சம் கரண்ட் குடிக்க வேண்டும். குண்டு பல்புக்கு அது தெரியாது, எல்இடிக்குத் தெரியும். கூடவே ஒரு சின்னக் கெப்பாசிட்டர் டப்பா கொடுத்திருப்பார்களே, வெள்ளை நிறத்தில், இரண்டு வயரோடு?

மாடிவீட்டுக்காரன் | புதன், இரவு 8:12

அட, அது உதிரி பாகம் என்று நினைத்து ஆணி டப்பாவில் போட்டுவிட்டேன். பல்பு ஹோல்டருக்குக் குறுக்கே மாட்டினேன், மங்கல் வெளிச்சம் போய்விட்டது.

பழைய வயர்மேன் | புதன், இரவு 8:40

அது தொலைந்துபோனவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். எக்ஸ்2 என்று அச்சிட்ட, 275 வோல்ட் ஏசி ரகத்தை மட்டும் போடுங்கள். சாதாரணக் கெப்பாசிட்டரை மெயினுக்குக் குறுக்கே போட்டால் ஒரு நாள் வெடிக்கும்.

இனி ஆர்சிசிபி. நீங்கள் மூன்றாவதாக எழுதியதுதான் எனக்கு முதலிலிருந்தே உறுத்துகிறது. அது விழும்போது மாடியில் என்னென்ன போகிறது, என்னென்ன ஓடுகிறது?

மாடிவீட்டுக்காரன் | புதன், இரவு 9:15

பிளக் எல்லாம் போகும், அது சரி. ஆனால் மாட்யூல் போட்ட லைட்களும் சேர்ந்து போகின்றன. அவை இன்வெர்ட்டர் லைனில் இருப்பவை, போகக் கூடாது. மாட்யூல் இல்லாத பெட்ரூம் ஃபேன் மட்டும் ஜாலியாக ஓடுகிறது. அப்பா "எதுக்குடா இன்வெர்ட்டர்" என்று கேட்கிறார்.

பழைய வயர்மேன் | புதன், இரவு 9:52

இதுதான் வேண்டும். மாட்யூலுக்கு நியூட்ரல் எங்கிருந்து எடுத்தீர்கள்? போர்டில் இருக்கும் ஐந்து துளை சாக்கெட்டிலிருந்துதானே? லைட்டின் நியூட்ரல் நேராகக் கூரைக்குப் போயிருக்கும், பழைய போர்டில் இறங்கியிருக்காது. அதனால் கையில் கிடைத்ததை எடுத்தீர்கள்.

ஆனால் அந்த சாக்கெட் புது வயர், மாடி ஆர்சிசிபி வழியாக வருகிறது. மாட்யூலின் ஃபேஸோ கீழ்வீட்டு இன்வெர்ட்டர் லைன். ஆகவே கரண்ட் ஒரு வாசலில் உள்ளே வந்து இன்னொரு வாசலில் வெளியே போகிறது. போனதும் வந்ததும் சமமா என்று பார்ப்பதுதான் ஆர்சிசிபியின் ஒரே வேலை. 30 மில்லியாம்ப் என்று எழுதியிருந்தாலும் 15க்கு மேல் எங்கே வேண்டுமானாலும் விழலாம். ஒரு மாட்யூல் சுமாராக 5 முதல் 10 மில்லியாம்ப் வரை இழுக்கும், ரிலே ஆன் ஆனால் இன்னும் கொஞ்சம் கூடும். ஒன்று, இரண்டு, மூன்று வரை தாங்கியது. நான்காவதைப் போன வாரம் போட்டீர்கள். சாயங்காலம் எல்லா லைட்டும் சேர்ந்து எரியும்போது வரம்பைத் தொடுகிறது. ஆர்சிசிபி விழுந்தால் நியூட்ரலும் துண்டாகும், மாட்யூல் சாகும், அப்பா கேள்வி கேட்பார்.

இது வெறும் தொல்லை இல்லை தம்பி, ஆபத்து. ஆர்சிசிபி விழுந்திருக்கும் நேரத்தில் மாட்யூல் வழியாக ஃபேஸ் அந்த சாக்கெட் நியூட்ரலுக்கு ஏறி நிற்கும். "ஆஃப்தானே" என்று நம்பி எவனாவது சாக்கெட்டைக் கழற்றினால் அடி வாங்குவான். இன்றைக்கே மாட்யூல்களின் நியூட்ரலைக் கழற்றிவிடுங்கள். லைட் லைனின் சொந்த நியூட்ரலைக் கூரை ஜங்ஷன் பெட்டியிலிருந்து போர்டுக்கு இழுக்க வேண்டும். இதை நீங்களே செய்ய வேண்டாம், உள்ளூரில் ஒரு நல்ல ஆளைக் கூப்பிடுங்கள்.

சந்தேகப்பிராணி | புதன், இரவு 10:03

இந்த ஒரு பதிலுக்காகவே இந்த இழையைச் சேமித்து வைக்கிறேன். எங்கள் வீட்டிலும் நியூட்ரல் சாக்கெட்டிலிருந்துதான். நாளைக் காலை முதல் வேலை அதைப் பார்ப்பதுதான்.

அலைவரிசை | புதன், இரவு 10:20

நானும்தான் பார்க்கப் போகிறேன். ஒரு சின்ன வாதம் மட்டும்: கதவோரப் பட்டன் ஜிக்பீ (வைஃபை போல 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் இன்னொரு வயர்லெஸ் முறை) என்றால் இப்போது என் சேனல் கதை உதவும். வைஃபை 6இல் இருப்பதால் ஜிக்பீயை 25இல் வையுங்கள், வைஃபைக்கு எட்டாத மேல் ஓரம் அது. யுஎஸ்பி 3 துளைக்குப் பக்கத்தில் ஜிக்பீ சிக்னலை வாங்கும் குச்சியைச் செருகாதீர்கள், அந்தத் துளை 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கொட்டும். ஒரு மீட்டர் நீட்டிப்பு வயர் போட்டுத் தள்ளி வையுங்கள்.

மாடிவீட்டுக்காரன் | 18 நாள் கழித்து, ஞாயிறு காலை 9:30

எல்லோருக்கும் நன்றி. எலக்ட்ரீஷியன் வந்து கூரைப் பெட்டியைத் திறந்தார். பழைய வயர்மேன் அண்ணே சொன்னது அச்சு அசலாக அப்படியே இருந்தது, பந்தயத்தையும் நீங்கள்தான் ஜெயித்தீர்கள்: டூ வேயும் ஃபேன் வயரும் ஒரே பைப். நியூட்ரல் இழுக்க அரை நாள் ஆயிற்று, நடுவில் பைப்புக்குள் வயர் மாட்டிக்கொண்டு ஓர் இடத்தில் சுவரை உடைக்க வேண்டியிருந்தது. அங்கே பூச்சு மட்டும் பாக்கி.

ஸ்னப்பரும் படி ரெகுலேட்டரும் போட்ட பிறகு ஒரு பரீட்சைக்காக எஸ் வயரைப் பழையபடி மாட்டினேன். ஏழெட்டு தடவை என்றிருந்தது ஒன்றிரண்டாகக் குறைந்தது, நிற்கவில்லை. அப்புறம் நீளமான வயரைக் கழற்றி, கதவோரம் ஜிக்பீ பட்டன் ஒட்டினேன். 12 நாளாக ஒரு தடவைகூட லைட் தானாக எரியவில்லை. ஆர்சிசிபியும் விழவில்லை. போன செவ்வாய் ஈபி பராமரிப்புக்காகக் காலை 9 முதல் 2 வரை கரண்ட் இல்லை, மாட்யூல் லைட் எல்லாம் இன்வெர்ட்டரில் ஒழுங்காக எரிந்தன.

அப்பாவுக்கு இப்போது நம்பிக்கை வந்து, கீழே இருக்கும் 1 ஹெச்பி போர் மோட்டாருக்கும் ஒரு மாட்யூல் போடச் சொல்கிறார். 16 ஆம்ப் என்று போட்டிருக்கிறது, தாங்கும்தானே?

கோவை மோட்டார் | ஞாயிறு, காலை 9:41

நேராகக் கொடுக்காதீர்கள்! மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரண்டைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும், ரிலே ஒட்டிக்கொண்டு ஆஃப் ஆகவே ஆகாது. நடுவில் கான்டாக்டர் (பெரிய கரண்டைத் தாங்கும் ரிலே) வேண்டும், மாட்யூல் அதன் காயிலை மட்டும் இயக்கட்டும். அந்தக் காயிலுக்கும் ஒரு ஸ்னப்பர். மீதியைப் புது இழையில் கேளுங்கள், மோட்டார் படத்தையும் ஸ்டார்ட்டர் படத்தையும் போட்டு.